லாரி மாடலின் இழுவைக் கெழு வேகத்துக்கு வேகம் மாறுகிறது, பின்வாலின் பலனும் நிலையாக இல்லை

சுழல்_600 கேட்டது:

வணக்கம். எங்களிடம் இருப்பது உறிஞ்சும் வகை, திறந்த சுற்றுக் காற்றுச் சுரங்கம். டெஸ்ட் செக்‌ஷன் 600 × 600 மி.மீ., நீளம் 1.8 மீட்டர், அதிகபட்ச வேகம் 30 மீ/வி. அதற்குள் 1:20 அளவில் ஒரு கன்டெய்னர் லாரி மாடல். அகலம் 125 மி.மீ., முகப்புப் பரப்பு 0.02375 சதுர மீட்டர். கேபின் 3டி பிரிண்ட், பெட்டி எம்டிஎஃப். மாடல் தரைக்கு மேல் ஒரே தண்டில் நிற்கிறது, சக்கரங்கள் தரையை ஒட்டியிருக்கின்றன. விசையை அளப்பது 10 கிலோ லோட் செல் (விசை உணரி), அதன் சிக்னலை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 போர்டு வழியாக. வேகத்தை ஒருமுறை விசிறி வகை அனிமோமீட்டரால் அளந்து, மோட்டார் டிரைவின் ஹெர்ட்ஸுக்கு எதிராக அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று எடுத்துக்கொண்டோம்.

கிடைத்த இழுவைக் கெழு (இழுவையை டைனமிக் பிரஷர் பெருக்கல் முகப்புப் பரப்பால் வகுத்தது; டைனமிக் பிரஷர் என்பது அடர்த்தியில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம்): 10 மீ/வி-ல் 1.02, 15-ல் 0.95, 20-ல் 0.88, 25-ல் 0.84, 28-ல் 0.83.

அடுத்து, பெட்டியின் பின்புறம் நான்கு பக்கமும் 12 டிகிரி உள்நோக்கிச் சாய்ந்த 40 மி.மீ. தகடுகளை, அதாவது பின்வாலை, மாட்டினோம். காலையில் எடுத்தால் இழுவை 7 சதவீதம் குறைகிறது. மதியம் அதே மாடல், அதே வேகம், 2 சதவீதம்தான். இது ரெனால்ட்ஸ் எண்ணின் (வேகம், மாடலின் அளவு, காற்றின் பிசுக்குமை மூன்றும் சேர்ந்த எண்) விளைவா, அளவீட்டுப் பிழையா? எதிலிருந்து தேட ஆரம்பிப்பது?

தராசு_முள்:

கெழுவை ஓரமாக வைத்துவிட்டு முதலில் விசையைப் பாருங்கள். உங்கள் எண்களைத் திருப்பிப் போட்டால் 10 மீ/வி-ல் 1.48 நியூட்டன், 15-ல் 3.11, 20-ல் 5.12, 25-ல் 7.64, 28-ல் 9.47 வருகிறது. இதை டைனமிக் பிரஷருக்கு எதிராகக் கிராஃப் போடுங்கள். 15 முதல் 28 வரை நான்கு புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் உட்காரும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து வரும் கெழு 0.78. ஆனால் கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, செங்குத்து அச்சை 0.6 நியூட்டனுக்குப் பக்கத்தில் வெட்டுகிறது. எடையில் சொன்னால் 60 கிராம். காற்றே இல்லாதபோது 60 கிராம் இழுவை இருக்க வழியில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். லோட் செல்லின் பூஜ்யம் நகர்ந்திருக்கலாம், அல்லது வேகம் கூடக்கூட கெழு உண்மையிலேயே குறையலாம். இரண்டும் கிராஃபில் ஒரே மாதிரிதான் தெரியும், கணக்குப் போட்டுப் பிரிக்க முடியாது. பிரிக்க ஒரே வழி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் மோட்டாரை நிறுத்தி, காற்று முழுக்க அடங்கியபின் பூஜ்ய அளவை எழுதிவைப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் 2 கிராமுக்குள் இருந்தால் குற்றம் லோட் செல்லின் மேல் இல்லை. காலையில் ஒருமுறை பூஜ்யம் போட்டுவிட்டு நாள் முழுக்க அளந்திருந்தால், அந்தத் தரவு எதையும் நம்ப வேண்டாம்.

10 கிலோ செல் இந்த வேலைக்குப் பெரிது. 10 மீ/வி-ல் உங்கள் மொத்த விசையே 150 கிராம்தான். முழு அளவில் 0.05 சதவீதப் பிழை என்றாலும் 5 கிராம், அங்கேயே 3 சதவீதம் போய்விட்டது. 25 மீ/வி-ல் 3 சதவீத மாற்றம் என்பது 23 கிராம். இதைத் தெளிவாகப் பார்க்க 2 கிலோ செல் போடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், போர்டும் அங்கேயே வாங்கலாம். வாங்கியதும் செய்ய வேண்டியவை:

மின்சாரம் கொடுத்து அரைமணி நேரம் சூடாக விடுங்கள். கப்பி வழியாக நூல் கட்டி, 100 கிராம் படியாக 1 கிலோ வரை ஏற்றி, அதே படிகளில் இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அளவு வேறுபட்டால் முதலில் கப்பியின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், செல்லை அப்புறம். நூல் சுரங்கத்தின் அச்சுக்கு நேராக இருக்கட்டும். பிறகு மாடலின் கூரையில் 500 கிராம் எடையை வையுங்கள். இழுவை அளவு 2, 3 கிராமுக்கு மேல் அசைந்தால் தூக்குவிசை இழுவைக்குள் கசிகிறது. பின்வால் தூக்குவிசையையும் மாற்றும் என்பதால், இந்தக் கசிவு நேராக உங்கள் சதவீதத்தில் வந்து விழும்.

அதைவிட முக்கியம் சக்கரம். "தரையை ஒட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றில் மாடல் சற்றே பின்சாயும்போது ஒரு சக்கரம் தரையைத் தொட்டாலும் விசையின் ஒரு பங்கு தராசுக்கு, அதாவது லோட் செல்லுக்கு, வராமல் தரைக்குப் போய்விடும். சக்கரத்தின் அடியில் 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். சக்கரங்களின் அடியிலும் தரையிலும் காப்பர் டேப் ஒட்டி மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்தால், தொடும் கணத்தில் சத்தம் கேட்கும்.

அடுத்தது அடர்த்தி. 1.225 என்பது 15 டிகிரியில், உலர்ந்த காற்றுக்கு, கடல்மட்டத்துக்கான எண். சென்னையில் 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், 1008 ஹெக்டோபாஸ்கல் என்றால் 1.135தான் வரும். அதனால் உங்கள் கெழு முழுவதும் 8 சதவீதம் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது. சாய்விலிருந்து வந்த 0.78 இப்போது 0.84 ஆகும். பிட்டாட்-ஸ்டேட்டிக் குழாய் (ஓட்டத்தின் மொத்த அழுத்தத்துக்கும் நிலை அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவது) வைத்து டைனமிக் பிரஷரையே பாஸ்கலில் அளந்தால் கெழுவுக்கு அடர்த்தியே தேவையில்லை. வேகத்தையும் ரெனால்ட்ஸ் எண்ணையும் சொல்ல மட்டும் அது வேண்டும். சென்சார் 500 பாஸ்கல் வரம்புள்ளதாக இருக்கட்டும். 10 மீ/வி-ல் கிடைப்பது வெறும் 57 பாஸ்கல், 2 கிலோபாஸ்கல் சென்சாரில் அது முழு வரம்பின் 3 சதவீதம்கூட இல்லை. சென்சார் கிடைக்கவில்லை என்றால் சாய்வு மானோமீட்டரே போதும். 25 மீ/வி-ல் 355 பாஸ்கல், அதாவது 36 மி.மீ. தண்ணீர். ஐந்துக்கு ஒன்று சாய்த்தால் குழாயில் 180 மி.மீ. நீளத்துக்குத் தெரியும்.

மோட்டாரின் ஹெர்ட்ஸை நம்பி வேகம் சொல்வதை விட்டுவிடுங்கள். மாடல் உள்ளே போனதும் சுரங்கத்தின் மொத்த எதிர்ப்பு மாறும், அதே ஹெர்ட்ஸில் வேகம் குறையும்.

எல்லைப்படலம்:

மேலே சொன்னதெல்லாம் முதலில் செய்ய வேண்டியதுதான். அதன்பிறகும் வளைவு மிச்சமிருந்தால் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். காற்றைக் குறுக்கி வேகமேற்றும் குறுகு பகுதி முடிந்து ஒரு மீட்டர் தள்ளி மாடல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 மீ/வி-ல் சுரங்கத் தரையின் கொந்தளிப்பான எல்லைப்படலம் (தரை உராய்வால் மந்தமான காற்று அடுக்கு) அங்கே 21 மி.மீ. தடித்திருக்கும். உண்மையான லாரியின் பம்பர் தரையிலிருந்து 300 மி.மீ. உயரம், உங்கள் மாடலில் 15 மி.மீ. ஆக பம்பரின் கீழ்ப்பகுதி முழுக்க மந்தமான காற்றில் மூழ்கிக் கிடக்கிறது. சாலையில் ஓடும் லாரிக்கு அப்படி ஒரு படலமே கிடையாது, அங்கே தரையும் காற்றும் சேர்ந்து பின்னால் போகின்றன. ஓடும் பெல்ட் போடுவது பெரிய செலவு. அதற்குப் பதில் உயர்த்திய தரைத்தட்டு வைக்கலாம். 12 மி.மீ. பிளைவுட், முன்விளிம்பு நீள்வட்ட வடிவம், சுரங்கத் தரையிலிருந்து 60 மி.மீ. மேலே, பின்முனையில் கோணம் மாற்றக்கூடிய ஒரு மடிப்பு. மாடலின் மூக்கு தட்டின் முன்விளிம்பிலிருந்து 200 மி.மீ.-க்குள் இருந்தால் படலம் அங்கே 6 மி.மீ.தான். பின் மடிப்பைச் சரிசெய்ய முன்விளிம்பில் கம்பளி நூல் ஒட்டிப் பாருங்கள். மேற்புற நூல் துடித்தால் காற்று விளிம்பில் பிரிகிறது, மடிப்பின் கோணத்தை மாற்ற வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தட்டு வந்ததும் அதற்கு மேலே மிஞ்சும் உயரம் 528 மி.மீ., குறுக்குப் பரப்பு 0.317 சதுர மீட்டர். உங்கள் மாடல் அதில் 7.5 சதவீதத்தை அடைத்துக்கொள்ளும். இப்போதே அது 6.6. பொதுவாக 5-க்குக் கீழே இருப்பது நல்லது. அடைப்பு கூடினால் மாடலைச் சுற்றிப் போகும் காற்று வேகமெடுத்து, இழுவையை அதிகமாகக் காட்டும். மாஸ்கெல் 1963-ல் கொடுத்த திருத்தத்தைத் தோராயமாகப் போட்டால், 1 கூட்டல் 2.5 பெருக்கல் 0.84 பெருக்கல் 0.066, அதாவது 1.139. 0.84 உடனே 0.74 ஆகிவிடுகிறது. மொட்டையான தகடுகளுக்காக எழுந்த திருத்தம் அது. பக்கவாட்டில் காற்று ஒட்டி ஓடும் நீண்ட பெட்டிக்குச் சற்று அதிகமாகவே கழிக்கும். அதனால் அந்த 0.74-ஐ அறிக்கையில் முடிவாக எழுத வேண்டாம், மேல்வரம்புத் திருத்தம் என்று எழுதுங்கள். பின்வாலின் பலனும் இதில் சுருங்கும். அளவீட்டில் 7 சதவீதம் என்பது திருத்தத்துக்குப் பின் 6-ஐ ஒட்டி வரும்.

என் பரிந்துரை 1:25. முகப்புப் பரப்பு 0.0152 சதுர மீட்டர், அடைப்பு 4.8 சதவீதம், 25 மீ/வி-ல் இழுவை 4.5 நியூட்டன். ரெனால்ட்ஸ் எண் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மை. ஆனால் அகலத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மாடல் 1.9 லட்சத்தில்தான் இருக்கிறது, 80 கி.மீ. வேகத்தில் போகும் உண்மை லாரி 34 லட்சத்தில். இந்தச் சுரங்கத்தில் அந்த இடைவெளியை எப்படியும் தாண்ட முடியாது. தாண்ட முடியாத ஒன்றுக்காக அடைப்புப் பிழையையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம்.

ரெனால்ட்ஸ் எண் எங்கே கடிக்கும் என்றால், கேபினின் முன் ஓரங்களில். 200 மி.மீ. ஆரமுள்ள ஓரம் மாடலில் 10 மி.மீ. ஆகிறது. உண்மை லாரியில் அந்த வளைவில் காற்று ஒட்டித் திரும்பும், மாடலில் படலம் சீரோட்டமாகவே இருந்து பிய்த்துக்கொண்டு போகும். முன் ஓரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நாசாவின் டிரைடன் மையம் 1970-களில் செய்த சோதனை சாட்சி. ஒரு வேனைச் சுற்றித் தகடு அடித்துக் கூர்மையான பெட்டியாக்கி, பிறகு ஓரங்களை மட்டும் உருட்டியதில் இழுவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மாடலில் இதைச் சரிக்கட்ட, படலத்தைக் கொந்தளிப்பாக்கும் சொரசொரப்புப் பட்டையை வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒட்ட வேண்டும். துகளின் உயரத்தை வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் 600 வர வேண்டும் என்பது பிராஸ்லோ, நாக்ஸ் இருவரும் 1958-ல் கொடுத்த விதி. இங்குள்ள காற்றுக்கு 25 மீ/வி-ல் 0.4 மி.மீ., 15 மீ/வி-ல் 0.66 மி.மீ. ஆக 25-க்கு ஒட்டிய பட்டை 15-ல் வேலை செய்யாது. எல்லா வேகத்துக்கும் ஒரே பட்டை போட்டுவிட்டுக் கெழு மாறுகிறதே என்று தேட வேண்டாம். 25-ஐச் சோதனை வேகமாக வைத்து அதிலேயே நில்லுங்கள். 3 மி.மீ. அகல இரட்டைப்பக்க டேப்பில் சலித்த மணல் துகளைத் தூவினால் போதும். 0.3, 0.4, 0.5 என மூன்று உயரங்களில் பாருங்கள். கடைசி இரண்டுக்கும் கெழு மாறவில்லை என்றால் படலம் கொந்தளிப்பாக மாறிவிட்டது, நடுவில் உள்ளதை வைத்துக்கொள்ளலாம். 1 மி.மீ. அளவுக்குப் போனால் பட்டையே காற்றைப் பிரித்துவிடும்.

உங்கள் சுரங்கத்தையும் தராசையும் சேர்த்துச் சோதிக்க அகமது மாடலை (ஒப்பீட்டுக்குப் பலரும் பயன்படுத்தும் எளிய கார் வடிவம்) அச்சிடுங்கள். கால் அளவில் 261 × 97.25 × 72 மி.மீ., முன் ஓர ஆரம் 25 மி.மீ. பின்சரிவை 25, 30, 35 டிகிரி என மூன்று துண்டுகளாகச் செய்யுங்கள். 1984-ல் வெளியான மூல ஆய்வில் 30 டிகிரியில் கெழு 0.38-ஐ ஒட்டி ஏறி, அதைத் தாண்டியதும் 0.26-க்குச் சரிகிறது. அந்த ஆய்வு 60 மீ/வி-ல் நடந்தது, அதனால் அதே எண்கள் உங்களுக்கு வராது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் சாயலாவது தெரிய வேண்டும். அதையே காட்டாத அமைப்பு 3 சதவீதப் பின்வால் பலனைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுழல்_600:

மிக்க நன்றி. பூஜ்யத்தைக் கண்காணித்தோம்: காலை 9 முதல் மாலை 4 வரை 46 கிராம் நகர்ந்திருக்கிறது. காப்பர் டேப் போட்டதில் 22 மீ/வி-க்கு மேல் இடது பின்சக்கரம் தொடுவதும் தெரிந்தது. 2 கிலோ செல்லுக்கும் 1:25 மாடலுக்கும் மாறுகிறோம்.

இன்னும் இரண்டு கேள்விகள். ஊதுபத்திப் புகையில் பார்த்தால் கேபின் ஓரத்தில் காற்று பெரிதாகப் பிரிகிறது, ஆனால் நூல் ஒட்டிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எதை நம்புவது? சுறாத்தோல் மாதிரி நுண்பள்ளங்கள் உள்ள ஸ்டிக்கரைப் பெட்டியின் பக்கங்களில் ஒட்டினால் பலன் இருக்குமா?

நெடுஞ்சாலை_48:

புகையை எந்த வேகத்தில் பார்த்தீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. ஊதுபத்திப் புகை 5, 6 மீ/வி-க்கு மேல் கலைந்துவிடும், ஆகவே மெதுவாக ஓட்டித்தான் பார்த்திருப்பீர்கள். அந்த வேகத்தில் ஓரத்தில் பிரிவது உண்மை. 25-ல் பட்டையோடு ஓட்டும்போது பிரியாததும் உண்மை. புகைப்படத்தை 25 மீ/வி தரவுக்குப் பக்கத்தில் வைத்து விளக்கம் எழுதுவதுதான் தவறு. சூடான புகை தானாகவே மேலெழும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதன் பிசின் காற்றை நேராக்கும் தேன்கூட்டிலும் வலையிலும் படியும், ஹாட் வயர் வேகமானி இருந்தால் அதையும் கெடுக்கும். சோதனை வேகத்தில் பார்க்க நூல்தான் சரி: மெல்லிய பாலியெஸ்டர் நூல், 20 மி.மீ. நீளம், 25 மி.மீ. இடைவெளி. இழுவையை அளக்கும் ஓட்டத்துக்கு முன் அவற்றை எடுத்துவிடுங்கள்.

சுறாத்தோல் லாரிக்கு வேண்டாம். நுண்பள்ளங்கள் குறைப்பது மேற்பரப்பு உராய்வை மட்டும், அதுவும் ஆய்வகத்தில் நல்ல நிலையில் 8 சதவீதம் வரை. லாரியின் இழுவையில் பெரும்பங்கு முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். உராய்வின் பங்கு பத்தில் ஒன்று என்று வைத்தாலும் மொத்தத்தில் 1 சதவீதம்கூடத் தேறாது. 80 கி.மீ. வேகத்துக்குப் பள்ளத்தின் இடைவெளி 0.3 மி.மீ. அளவில் வரும். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு வாரம் ஓடினால் புழுதி அடைத்துவிடும். நீண்ட ரயிலுக்கும் விமானத்துக்கும் கணக்கு வேறு, அங்கே உராய்வின் பங்கு பெரிது.

பின்வாலைத் தராசு இல்லாமலும் சரிபார்க்கலாம். பெட்டியின் பின்முகத்தில் 1 மி.மீ. துளைகள் 16 அல்லது 25 போட்டு, சிலிக்கான் குழாய்களைத் தண்டு வழியே வெளியே எடுங்கள். பின்முகப் பரப்பு உண்மை அளவில் 2.5 × 2.6 மீட்டர், 6.5 சதுர மீட்டர். முகப்புப் பரப்பு 9.5. பின்வால் மாட்டியதும் பின்முகத்தின் சராசரி அழுத்தக் கெழு (சுற்றுக்காற்றோடு உள்ள அழுத்த வித்தியாசத்தை டைனமிக் பிரஷரால் வகுத்தது) 0.05 உயர்ந்தால், இழுவைக் கெழுவில் 0.034 குறைய வேண்டும், அதாவது 0.84-ல் 4 சதவீதம். சாய்ந்த தகடுகளின் மேலும் அழுத்தம் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும், ஆகவே தராசு காட்டுவது அதைவிடச் சற்றுக் குறையும். தராசு 7 என்றும் அழுத்தம் 3 என்றும் சொன்னால் தராசைத் திரும்பத் திறங்கள்.

தகடு மாட்டும்போது பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே இடுக்கு இருக்கக் கூடாது, மெல்லிய டேப்பால் மூடுங்கள். 12 டிகிரி என்று வரைந்தது மாட்டியபின்னும் 12-ஆ என்று அளந்து பாருங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்த 3டி அச்சு 60 டிகிரியை ஒட்டியே இளகும், மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் தகடு வளைந்துவிடும். கீழ்த்தகட்டுக்கு மற்ற மூன்றின் கோணத்தை அப்படியே கொடுக்க வேண்டாம். அடியில் வரும் காற்று ஏற்கெனவே சோர்ந்து வருகிறது, 5, 6 டிகிரிக்கு மேல் போனால் பிரிந்துவிடும்.

பக்கக் காற்றை விட்டுவிட்டீர்கள். 80 கி.மீ. வேகத்தில் ஓடும் லாரிக்குக் குறுக்கே 5 மீ/வி கடற்காற்று வீசினால், லாரி உணரும் காற்று 12.7 டிகிரி சாய்ந்து வருகிறது. கேபினுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி நேர்க்காற்றில் பெரிதாகத் தெரியாது, சாய்ந்த காற்றில்தான் அது இழுவையை ஏற்றும். மாடலை 0, 3, 6, 9, 12 டிகிரி திருப்பி, இரண்டு பக்கமும் எடுங்கள். ப்ளஸ், மைனஸ் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மாடல் கோணலாக நிற்கிறது.

சாலையில் இது எவ்வளவு என்ற கணக்கையும் அறிக்கையில் போடுங்கள். 25 டன் லாரிக்கு உருளும் எதிர்ப்புக் கெழு 0.007 என்றால் டயர்கள் இழுப்பது 1717 நியூட்டன். கெழு 0.8-ல் காற்று இழுப்பது 60 கி.மீ. வேகத்தில் 1200, 80-ல் 2130. ஆக சமதளத்தில் 60-ல் மொத்த எதிர்ப்பில் காற்றின் பங்கு 41 சதவீதம், 80-ல் 55. பின்வால் 5 சதவீதம் குறைத்தால் 80-ல் மொத்தத்தில் 2.8 சதவீதம் மிச்சம், 60-ல் 2 மட்டும். நகருக்குள் 25 கி.மீ. வேகத்தில் ஓடும் டவுன் பஸ்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் காற்றின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டி இறங்கிவிடும். இந்த உழைப்பு நெடுஞ்சாலை லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும்தான்.

தராசு_முள்:

46 கிராம் என்றால், கிராஃபில் வந்த அந்த 60 கிராமில் பெரும்பகுதி அதுதான். காலை, மதிய வித்தியாசத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உறிஞ்சும் சுரங்கம் அறைக்காற்றையே இழுக்கிறது. மதியம் கடற்காற்று ஜன்னல் வழியே வாய்ப்பகுதிக்குக் குறுக்கே வந்தால் உள்ளே ஓட்டம் சாயும். ஜன்னலை மூடி, சீலிங் ஃபேனை நிறுத்தி, வாய்க்கு முன்னால் அதன் அகலத்தில் ஒன்றரை மடங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.

ஓட்டங்களின் வரிசையையும் மாற்றுங்கள். வால் இல்லாமல் எல்லாவற்றையும் காலையில் முடித்துவிட்டு வாலோடு மதியம் எடுத்திருந்தால், அதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். வால் இல்லாமல், வாலோடு, வாலோடு, வால் இல்லாமல் என்று நான்காக எடுத்தால் சீரான நகர்வு தானாகக் கழிந்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் 60 விநாடி. பெட்டிக்குப் பின்னால் சுழல்கள் 25 மீ/வி-ல் விநாடிக்கு 50 தடவை அளவில் உதிரும், அது சராசரியில் அடங்கிவிடும். மெதுவாக இடமும் வலமும் ஊசலாடும் சுழல்பகுதிக்குத்தான் அந்த ஒரு நிமிடம் தேவை. இப்படி ஐந்து சுற்று எடுத்து, நடுவில் இரண்டு தடவையாவது வாலை முழுக்கக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கழற்றாமல் எடுத்த ஐந்து சுற்றும் ஒத்துப்போவது தராசைப் பற்றி மட்டும் சொல்லும், மாட்டும் கோணத்தில் வரும் பிழை அதில் தெரியாது.